கடோற்கசன் எந்தப் பக்கம் விழுந்தான்?

பாரதக்கொட்டகை
நேற்று இங்கே ஒருவர் கடோற்கசனைப் "பாண்டவர்களின் கூலிப்படை" என்று எழுதியிருந்தார். வீமனை அவன் அப்பனாக எண்ணியதே இல்லையாம், அரக்கன் மனம் அரக்கரிடமே இருந்ததாம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குருச்சேத்திரப் போரின் பதினான்காம் நாள் இரவு. இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதத்தைக் கர்ணன் எறிந்துவிட்டான். அருச்சுனனுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆயுதம் அது. கடோற்கசனின் மார்பைப் பிளந்துகொண்டு போயிற்று. உயிர் போகிற அந்த நேரத்தில் அவன் தன் உடம்பை மலைபோல வளர்த்துக்கொண்டு கௌரவர் சேனையின் மேல் விழுந்தான். கூலிக்கு வந்தவனுக்கு இந்த விசுவாசம் இருக்குமா, செத்துக்கொண்டே வேலை செய்வானா? விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இடும்பிபேத்தி
அதை எழுதியவள் நான். "கூலிப்படை" என்ற சொல் என் பதிவில் இல்லை. "வேலை இருக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிற பிள்ளை" என்று எழுதினேன். போன மாதம் கர்ணன் பற்றிய விவாதத்திலும் நான் சொல்லாததை என் தலையில் கட்டினீர்கள். இப்போதும் அதையே செய்கிறீர்கள்.

வீமன் கடோற்கசனின் தாயான அரக்கி இடும்பியோடு எத்தனை காலம் வாழ்ந்தான்? ஒரு மகன் பிறக்கும் வரை என்பதுதான் ஒப்பந்தம். மகன் பிறந்தான், அப்பன் கிளம்பிவிட்டான். "நீ குருகுலத்தில் பிறந்தவன், ஐவருக்கும் மூத்த மகன், எங்களுக்கு உதவ வேண்டும்" என்று குந்தி சொல்கிறாள். மூத்த மகன் என்ற பட்டத்தோடு அவனுக்கு வேறு என்ன கிடைத்தது? இந்திரப்பிரத்தத்தில் ஓர் அறையாவது உண்டா? அடுத்து வீமன் அவனை நினைப்பது வனவாசத்தில், திரௌபதி நடக்க முடியாமல் சாய்ந்தபோது. அப்பனின் இன்னொரு மனைவியைக் காட்டி "உன் தாய் களைத்திருக்கிறாள், தூக்கிக்கொள்" என்கிறார்கள். அவன் தூக்கிக்கொண்டு பதரிக்குப் போகிறான். பெற்ற தாய் காட்டில் தனியாக இருக்கிறாள்.

பாரதக்கொட்டகை
தூக்கினான் அல்லவா? நினைத்த மாத்திரத்தில் வந்து நின்றான் அல்லவா? மனம் இரண்டாகக் கிடப்பவன் நினைத்தவுடன் வருவானா? அம்மா, நீங்கள் எவ்வளவு எழுதினாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. விழுந்தது யார் மேல்?

தென்னம்பாளை
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். "விசுவாசம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? கடமையையா, பாசத்தையா, நன்றியையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பாரதக்கொட்டகை
விழுந்த இடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது.

கணக்குமேசை
ஒரு திருத்தம். அவன் விழுந்ததில் ஓர் அக்குரோணி சேனை நசுங்கியதாகச் சொல்வார்கள். பாரதத்துக்குக் கங்குலி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். மொத்தம் 2,18,700. கௌரவரிடம் இருந்ததே பதினோர் அக்குரோணி. பத்து நாள் பீஷ்மர் தலைமையில் போர் நடந்து முடிந்துவிட்டது. சயத்ரதன் செத்த அந்தப் பகலில் மட்டும் அருச்சுனன் ஏழு அக்குரோணியை அழித்ததாகவும் சொல்கிறார்கள். மீதியில் ஒரு முழு அக்குரோணி ஒரே இடத்தில் நின்றதா, அதுவும் இருட்டில்?

பாரதக்கொட்டகை
அரை அக்குரோணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தது கௌரவர் மேல்தானே?

கணக்குமேசை
அரை என்று எந்த நூலில் இருக்கிறது? எண்ணை இப்படி மாற்றுகிறவர் மற்றதையும் மாற்றுவார்.

நாணற்புல்
நீங்கள் எல்லோரும் பெயரையே தப்பாகச் சொல்லப் பழகியவர்கள். பாதிப் பேர் "கடோத்கஜன்" என்று யானையைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். கடம் என்றால் குடம். உத்கசம் என்றால் மயிரில்லாத தலை. குடம் போன்ற வழுக்கைத் தலையோடு பிறந்தான் என்று தாய் வைத்த பெயர். கஜத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்குமேசை
இங்கே யாருமே கஜன் என்று எழுதவில்லை. எழுதாதவர்களைத் திருத்த வந்திருக்கிறீர்கள்.

நாணற்புல்
இங்கே இல்லாவிட்டாலும் ஊரெல்லாம் எழுதுகிறார்கள். பொறுக்க முடியவில்லை.

இடும்பிபேத்தி
விழுந்த இடத்துக்கு வருகிறேன், கொட்டகை ஐயா. அதற்கு ஒரு நாழிகை முன்னால் நடந்ததை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

அலாயுதன் என்ற அரக்கன் அன்று இரவு துரியோதனனிடம் வருகிறான். இடும்பன், பகன், கிர்மீரன் மூவரும் அவனுடைய உறவு. மூவரையும் கொன்றவன் வீமன். இடும்பன் யார்? கடோற்கசனின் தாய்மாமன். பழி தீர்க்க வந்த அலாயுதனிடம் வீமன் மாட்டிக்கொள்கிறான். கண்ணன் கடோற்கசனைக் கூப்பிட்டு, கர்ணனை விட்டுவிட்டுப் போய் அப்பனைக் காப்பாற்று என்கிறான். அவன் போய்த் தன் இனத்தான் தலையை வெட்டித் துரியோதனன் முன்னால் எறிகிறான். குண்டலத்தோடு கூடிய தலை. தாய்மாமனைக் கொன்றவனைக் காப்பாற்றத் தாய்மாமனுக்காக வந்தவனைக் கொன்றான். அந்தத் தலையைக் கையில் பிடித்திருந்த நேரத்தில் அவன் மனம் ஒரே பக்கம் இருந்தது என்று உங்களால் எப்படி எழுத முடிகிறது?

இன்னொன்று. கர்ணன் மேல் போகும்போது அவன் என்ன சொல்கிறான்? "இன்று யாரையும் விடமாட்டேன், கைகூப்புகிறவனையும் விடமாட்டேன், அரக்கர் தருமப்படி போரிடுவேன்" என்கிறான். குருகுலத்தின் மூத்த மகன் குருகுலத்துத் தருமத்தைச் சொல்லவில்லை. தாய்வழித் தருமத்தைச் சொல்கிறான்.

பாரதக்கொட்டகை
தருமம் தாய்வழி, விசுவாசம் தந்தைவழி. இதில் என்ன குழப்பம்? கை எதைச் செய்தது என்று பாருங்கள். அலாயுதன் தலை விழுந்தது துரியோதனன் முன்னால். இவன் உடம்பு விழுந்தது துரியோதனன் சேனை மேல். இரண்டும் ஒரே பக்கம்.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த செய்தி இல்லை. ஆரணிப் பக்கத்தில் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் கொட்டகையில் பகலெல்லாம் பாரதம் வாசிப்பார்கள், இரவில் கூத்து. எனக்கு எட்டு வயது இருக்கும். கடோற்கசன் கட்டம் வந்ததும் பிரசங்கியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். வேர்வையில் நனைந்து கனத்துப் போன துண்டு. "பிள்ளைகளா, இது சாயப்போகிறது. எந்தப் பக்கம் சாய வேண்டும்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் இடப்பக்கத்தைக் காட்டினோம். அந்தப் பக்கத்தைத்தான் அவர் முதல் நாளிலிருந்து கௌரவர் பக்கமாக வைத்திருந்தார். கையை விட்டார். துண்டு இடப்பக்கம் மணலில் விழுந்தது, புழுதி எழுந்தது. எங்கள் அப்பா எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தேன், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைப் பார்த்த என்னிடம் அவன் மனம் பிளந்து கிடந்தது என்று சொல்லாதீர்கள்.

மலைவாசல்
நான் மணாலி போயிருக்கிறேன். அங்கே இடும்பிக்குக் கோயில் இருக்கிறது, 1553இல் பகதூர் சிங் என்ற அரசன் கட்டியது. தேவதாரு மரங்களுக்கு நடுவே, மரவேலை நிறைந்தது. குல்லு அரச குடும்பத்துக்கு அவள் பாட்டி முறை, அவள் வராமல் அவர்கள் தசராவைத் தொடங்குவதில்லை. பக்கத்தில் ஒரு மரத்தடியில் கடோற்கசனுக்கும் இடம் உண்டு, மரத்தில் கொம்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த மலையில் அவன் தாயின் பக்கத்தில்தான் இருக்கிறான்.

பாரதக்கொட்டகை
கோயில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

மலைவாசல்
நீங்கள் கேட்டதற்கு மட்டும்தான் இங்கே பதில் எழுத வேண்டுமா? இந்த அரங்கு உங்கள் ஊர்க் கொட்டகையா?

பாரதக்கொட்டகை
என் ஊர்க் கொட்டகையில் குறுக்கே பேசினால் எழுப்பி வெளியே அனுப்பியிருப்பார்கள்.

ஏடும்எழுத்தும்
வடமொழி நாடகாசிரியர் பாசனின் நாடகத்தை யாரும் சொல்லவில்லையே. 1912இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அச்சிட்ட பாச நாடகங்களில் மத்தியம வியாயோகமும் ஒன்று. இடும்பியின் உணவுக்காகக் கடோற்கசன் ஒரு பிராமணக் குடும்பத்தை மறிக்கிறான். மூத்தவனைத் தந்தையும் இளையவனைத் தாயும் பிடித்துக்கொள்ள, நடு மகன் தானே வருகிறேன் என்கிறான். தண்ணீர் குடிக்கப் போன அவன் திரும்பத் தாமதமாகிறது. "நடுவா, சீக்கிரம் வா" என்று கடோற்கசன் கூவுகிறான். குந்தி மக்களில் நடுவனான வீமன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்கிறான். அப்பன் என்று தெரியாமலே மகன் அவனோடு மோதுகிறான். எனக்குத் தாயின் கட்டளையே பெரிது என்பவன் அந்தக் கடோற்கசன்.

இடும்பிபேத்தி
மிக்க நன்றி. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. அப்பனைப் பார்த்தபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? கூட இருந்தால்தானே தெரியும்.

பாரதக்கொட்டகை
அது நாடகம். வியாசர் எழுதியதைப் பேசுவோம்.

இடும்பிபேத்தி
உங்கள் பிரசங்கியாரின் துண்டு மட்டும் வியாசர் எழுதியதா?

சரி, வியாசரையே பேசுவோம். கடோற்கசன் விழுந்ததும் பாண்டவர்கள் அழுகிறார்கள். கண்ணன் அருச்சுனனைக் கட்டிக்கொண்டு, காற்றில் அசையும் மரம் போல ஆடுகிறான். சக்தி ஆயுதம் செலவாகிவிட்டதே என்ற மகிழ்ச்சி. அத்தோடு நிற்கவில்லை. கர்ணன் இவனைக் கொல்லாவிட்டால் நானே கொல்ல வேண்டியிருந்திருக்கும், இவன் பிராமணரையும் வேள்வியையும் வெறுத்தவன் என்கிறான். பகன், கிர்மீரன், அலாயுதன் பெயர்களோடு சேர்த்து இவன் பெயரையும் சொல்கிறான். அவன் யாருடைய தலையை வெட்டி எறிந்தானோ, அந்த வரிசையிலேயே அவனையும் நிறுத்துகிறார்கள். தான் போரிட்ட பக்கம் தன்னை அரக்கனாகத்தான் பார்க்கிறது என்று அவனுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்?

பாரதக்கொட்டகை
கண்ணன் சொன்னதற்கு வீமன் பொறுப்பா? தருமன் என்ன சொன்னான் என்று ஏன் விட்டுவிட்டீர்கள்? சகதேவனிடம் எனக்கு இயல்பாக உள்ள அன்பைப் போல இரண்டு மடங்கு கடோற்கசனிடம் உண்டு என்று சொல்லி அழுகிறான். வியாசரே வந்து தேற்ற வேண்டியதாயிற்று.

இடும்பிபேத்தி
செத்த பிறகு சொன்னான்.

நாணற்புல்
பாரதத்தின் தென்னாட்டுப் பாடத்தில் சகதேவன் கடோற்கசனை இலங்கைக்கு வீடணனிடம் திறை வாங்க அனுப்புகிறான். பிறந்த பக்கத்தை விட்டு வந்த வீடணனிடம் போய் நின்றவன் இவன். இதை நீங்கள் இருவரும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது.

கணக்குமேசை
அங்கேயும் பெயர் திருத்தத்தான் போனானா?

இடும்பிபேத்தி
ஒன்று எழுதிவிடுகிறேன். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று கொட்டகை ஐயா தெரிந்துகொள்ளட்டும். என்னை வளர்த்தவர் அம்மா. அப்பா வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். கடிதம் கிடையாது, பண்டிகைக்கு வரவும் கிடையாது. நான் வேலைக்குப் போன பிறகு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைத் தேடி ஆள் வந்தது. போனேன். பதினொரு இரவு அவர் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். அவர் கால் விரல் நகங்களை வெட்டிவிட்டேன். வீட்டில் அம்மா எனக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருந்தாள், எதுவுமே கேட்கவில்லை. நகத்தை வெட்டும்போதெல்லாம் அம்மாவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. அது பாசமா, கோபமா, என் வளர்ப்பைக் காட்டிக்கொள்கிற வீம்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாரதக்கொட்டகை
போனீர்கள் அல்லவா, மகளே? அதைத்தானே நான் காலையிலிருந்து சொல்கிறேன். நீங்களும் அந்தப் பக்கம்தான் விழுந்தீர்கள்.

இடும்பிபேத்தி
என்னை மகளே என்று அழைக்க வேண்டாம். என் வாழ்க்கையை எடுத்து உங்கள் வழக்குக்குச் சாட்சியாக்கவும் வேண்டாம். நான் எங்கே போனேன் என்பதை வெளியே நின்று யாரும் பார்க்கலாம். போகும்போது என்னிடம் என்ன இருந்தது என்பது என் ஒருத்திக்குத்தான் தெரியும், அதுவும் முழுதாகத் தெரியாது.

தென்னம்பாளை
ஐயா, அவர் வலியைச் சொன்னார். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம்.

பாரதக்கொட்டகை
நான் சொன்னதே ஆறுதல்தான். அப்பனுக்குக் கடைசி நேரத்தில் செய்த பிள்ளையைப் பழித்து எங்கள் ஊரில் பேசமாட்டார்கள்.

ஏடும்எழுத்தும்
அதே இரவில் கடோற்கசனின் மகன் அஞ்சனபருவனை அசுவத்தாமன் கொன்றுவிடுகிறான். அவனும் ஓர் அப்பன். மகனைப் பறிகொடுத்த கோபத்தில் கௌரவர் மேல் விழுந்திருக்கலாமே? வீமனுக்காகத்தான் என்று எப்படி முடிவு கட்டுகிறீர்கள்?

பாரதக்கொட்டகை
பாண்டவர்களுக்கு நன்மை செய்ய விரும்பி விழுந்தான் என்று கணக்குமேசை காட்டிய அதே மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

கணக்குமேசை
அந்த வரியில்தான் அக்குரோணியும் இருக்கிறது. நன்மையை நம்புகிறவர் 2,18,700ஐயும் நம்ப வேண்டும். நம்புகிறீர்களா?

பாரதக்கொட்டகை
நம்புகிறேன்.

கணக்குமேசை
அரை என்று சற்று முன்னால் எழுதியது யார்?

இடும்பிபேத்தி
நன்மை செய்ய விரும்பினான் என்பது சஞ்சயன் வாய்ச் சொல். திருதராட்டிரனுக்குச் சொல்கிறான். விழுந்தவன் எதுவும் சொல்லவில்லை. அலாயுதன் தலையை அவன் எறிந்தபோது இடும்பி எங்கே இருந்தாள்? யாராவது அவளிடம் போய்ச் சொன்னார்களா? இதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு விழுந்த இடத்தைப் பேசுகிறேன்.

பாரதக்கொட்டகை
முதலில் கேட்டவன் நான். விழுந்தது யார் மேல்?