கழுத்தில் அடையாள அட்டை இருந்தால் கதவைத் திறந்துவிடலாமா?

மழைத்துளி:
போன வாரம் நடந்தது இது. அம்மாவுக்கு 72 வயது, பகலில் தனியாகத்தான் இருப்பார். மதியம் ஒருவர் வந்து மணி அடித்திருக்கிறார். கழுத்தில் அட்டை, கையில் மீட்டர் மாதிரி ஏதோ ஒரு கருவி. தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, உங்கள் வீட்டில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்றாராம். அம்மா சமையலறைக்குக் கூட்டிப்போக, "முழுசாகத் திறந்து விடுங்கள், நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று பத்து நிமிடம் குழாயடியில் நிற்க வைத்திருக்கிறார். அவர் போன பிறகு பார்த்தால் வாசல் கதவு ஆவென்று கிடக்கிறது, படுக்கையறை மேசை டிராயர் பாதி திறந்திருக்கிறது, கைச்செலவுப் பணம் மொத்தமும் இல்லை. பணம் போனால் போகட்டும், "அட்டையைப் பார்த்துவிட்டுத்தானே விட்டேன்" என்று அம்மா புலம்புவதைத்தான் கேட்க முடியவில்லை. யாருக்குமே திறக்காதீர்கள் என்றும் சொல்ல முடியாது, உண்மையிலேயே மீட்டர் பார்க்க ஆள் வருவார்களே. என்ன செய்யலாம்?

பழைய பூட்டு:
வந்தது ஒருவர் இல்லை, இரண்டு பேர். ஒருத்தன் பேச்சுக் கொடுப்பான், இன்னொருத்தன் திறந்த வாசல் வழியாக உள்ளே போவான். குழாயை முழுசாகத் திறக்கச் சொன்னதே அந்தச் சத்தத்தில் காலடி கேட்காமல் இருக்கத்தான். தொகை சின்னதாக இருந்தாலும் போலீசில் சொல்லுங்கள், இவர்கள் ஒரு வீட்டோடு நிறுத்துவதில்லை. டிராயரை இன்னும் துடைக்கவில்லை என்றால் அப்படியே விடுங்கள்.

அட்டையை எவனும் அச்சடித்துக்கொள்ளலாம். "சந்தேகம் என்றால் இந்த நம்பரில் கேளுங்கள்" என்று அட்டையிலேயே ஒரு நம்பர் இருக்கும், எடுப்பவன் அவன் கூட்டாளியாக இருப்பான். வீட்டில் இருக்கும் பழைய பில்லில் உள்ள நம்பருக்குத்தான் பேச வேண்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. உண்மையான ஊழியர் வாசலிலேயே காத்திருப்பார், இல்லையென்றால் இன்னொரு நாள் வருவார். அவசரப்படுத்துகிறவன், கோபப்படுகிறவன், "இப்போதே பார்க்காவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவோம்" என்கிறவன், இவர்களிடம் பேச்சை வளர்க்கவே வேண்டாம்.

நிலாமுற்றம்:
உங்கள் அம்மா ஏமாளி இல்லை. 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்தாறு ஆண்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு மணி நேரம் அலமாரி முதற்கொண்டு எல்லாவற்றையும் திறந்து என்னென்ன பொருள் இருக்கிறது என்று கணக்கெடுக்கலாமா என்று போனில் கேட்டார்கள். எடுத்த எடுப்பில் கேட்டபோது சுமார் 22 சதவீதம் பேர்தான் சரி என்றார்கள். மூன்று நாள் முன்பே என்ன சோப்பு பயன்படுத்துகிறீர்கள் என்பது போன்ற சில சின்னக் கேள்விகளுக்குப் பதில் வாங்கியவர்களிடம் கேட்டபோது பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். குடிக்கத் தண்ணீர், ஒரு கையெழுத்து, கொஞ்சம் பேனா கொடுங்கள் என்று இவர்கள் சின்னதாக ஆரம்பிப்பதும் இதே கணக்குதான். அதனால் அந்த முதல் சின்னக் கோரிக்கையையே கதவைத் திறக்காமல் மறுத்துவிடட்டும். "வேண்டாம், நன்றி" போதும், காரணம் சொல்ல ஆரம்பித்தால் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள்.

வெங்கலமணி:
இவ்வளவு பேச்சு எதற்கு, ஒரு கேமரா மாட்டுங்கள், முடிந்தது.

பழைய பூட்டு:
கேமரா மட்டும் இருந்தால் திருடியது யார் என்று அப்புறம் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பேசும் வசதியோடு வாங்கினால் பயன் உண்டு, கதவைத் திறக்காமலே பதில் சொல்லலாம். கதவுக்குச் சங்கிலி மாட்டினாலும் நீள ஸ்க்ரூவாகப் போடுங்கள், அரை அங்குல ஸ்க்ரூ ஒரு தள்ளுக்குத் தாங்காது. மாட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும், திறந்துவிட்டு மாட்டத் தேடுவதில் அர்த்தமில்லை.

கண்ணாடிவளை:
நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் சித்தியின் சங்கிலியை அவர் கண்ணெதிரிலேயே ஒரு கிண்ணத்தில் முக்கி எடுத்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் எடை போட்டால் கணிசமாகக் குறைந்திருந்தது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம் தங்கத்தைக் கரைக்கும், கரைந்த தங்கம் அந்தத் திரவத்தோடு அவர்கள் கூடவே போய்விடும். எதுவும் திருடு போன மாதிரியே தெரியாது, அதுதான் கொடுமை.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. புகார் கொடுத்துவிட்டேன். பழைய பில் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியாயிற்று. கதவை மூடிக்கொண்டு பேசுவது மரியாதைக் குறைவு இல்லையா என்று அம்மா இன்னும் தயங்குகிறார். "மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று என்மேல் பழியைப் போடச் சொல்லியிருக்கிறேன், அது அவருக்குப் பிடித்துவிட்டது. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

நிலாமுற்றம்:
பின்கதவு. முன்னால் மணி அடித்தால் முதலில் அது பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.