கரண்ட் குக்கரில் முட்டை அவித்தால் ஓடு உரியவில்லை, மஞ்சக்கருவும் பச்சையாகிறது. தப்பு எங்கே?

மண்டபம் அடுப்படி:

தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் இருந்த இடத்துக்கு முட்டை வந்துவிடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், நாட்டுப்படகில் வருகிற கொஞ்ச மீனுக்கு விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். நான் பத்துப் பேருக்கு மதியச் சாப்பாடு பார்சல் கட்டிக் கொடுக்கிறேன். ஆளுக்கு இரண்டு முட்டை, வீட்டுக்கும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 24 முட்டை அவிக்க வேண்டும்.

இதுவரை கேஸ் அடுப்பில் சட்டி வைத்துத்தான் அவித்தேன். போன மாதம் கொழுந்தனார் துபாயிலிருந்து வந்தபோது கரண்ட் பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுவந்தார், 6 லிட்டர், 1000 வாட். சோறு, பருப்பு எல்லாம் அருமையாக வருகிறது, முட்டைதான் சரிப்பட்டு வரவில்லை. பாத்திரத்தில் 12 முட்டையை அடுக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி 5 நிமிஷம் வைக்கிறேன். எங்கே பார்த்தாலும் 5-5-5 என்கிறார்களே, 5 நிமிஷம் பிரஷர், 5 நிமிஷம் திறக்காமல் விட வேண்டும், 5 நிமிஷம் ஐஸ் தண்ணீர், அதுதான் கணக்கு. ஐஸ் தண்ணீருக்குப் பதில் நான் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறேன், அது ஒன்றுதான் வித்தியாசம்.

உரிக்க உட்கார்ந்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வருகிறது, முட்டை முழுக்கக் குழி குழியாக நிற்கிறது. பாதியாக வெட்டினால் மஞ்சக்கருவைச் சுற்றிப் பாசி நிறத்தில் ஒரு வளையம், அதோடு ஒரு கந்தக வாடை. 12-ல் இரண்டு மூன்று உள்ளேயே வெடித்து வெள்ளையாகப் பிதுங்கிவிடுகிறது. நேற்றுப் பார்சல் வாங்குகிற ஒருவர் "அக்கா, முட்டை பழசா?" என்று கேட்டுவிட்டார், எனக்கு மனசே ஆறவில்லை. அன்றன்று வாங்குகிற முட்டைதான், கடையில் அட்டையோடு வருகிற நாமக்கல் முட்டை. சில நாள் மாமியார் வளர்க்கிற நாட்டுக்கோழி முட்டையையும் கூடப் போடுவேன், அதுவோ உரியவே உரியாது. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

கீழக்கரை உம்மா:

தங்கச்சி, முதலில் அந்தத் தண்ணீரைக் குறையுங்கள். இந்தக் குக்கரில் முட்டை தண்ணீருக்குள் கிடக்கக் கூடாது, ஆவியில் வேக வேண்டும். குக்கரோடு கால் வைத்த ஒரு கம்பித் தட்டு கொடுத்திருப்பார்கள், அதை உள்ளே வைத்து 250 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் ஊற்றி, தட்டின் மேல் முட்டையை அடுக்குங்கள். இரண்டு அடுக்காக வைத்தாலும் வேகும், ஆவி எல்லாப் பக்கமும் போய்விடும்.

ஏன் என்றால், திரையில் தெரிகிற அந்த 5 நிமிஷம் பிரஷர் ஏறிய பிறகுதான் எண்ண ஆரம்பிக்கிறது. எங்கள் மாமி முதல் நாள் விசில் வரும் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள், இதில் விசில் கிடையாது, மூடியில் இருக்கிற சின்ன ஊசி மேலே எழும்பும், அதுதான் அடையாளம். அந்த ஊசி எழும்புகிற வரைக்கும் முட்டை பச்சையாகவா இருக்கும்? அதுவும் வெந்துகொண்டேதான் வரும். ஒரு டம்ளர் தண்ணீர் என்றால் ஏழு எட்டு நிமிஷத்தில் ஊசி எழும்பும். முட்டை மூழ்க இரண்டு லிட்டர் ஊற்றினால் கால் மணி நேரமாவது ஆகும், அப்புறம் அவ்வளவு கொதிதண்ணீரும் சூடு இறங்குகிற வரை முட்டையை வேக வைத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் 5 நிமிஷம் வைத்ததாக நினைக்கிறீர்கள், முட்டை அரை மணி நேரம் வெந்திருக்கிறது.

பச்சை வளையமும் அதனால் வந்ததுதான். வெள்ளைக்கரு அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு பிரியும், அது மஞ்சக்கருவில் இருக்கிற இரும்போடு சேர்ந்து அந்த நிறம் படிகிறது. வாடையும் அந்த வாயுவுடையதே. முட்டை கெட்டுப்போகவில்லை, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, உங்களைக் கேட்டவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

வெடிப்பதற்குக் காரணம், கொதிக்கிற தண்ணீரில் ஒன்றோடு ஒன்று மோதுவது, இல்லையென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடுவது. பிரஷரை உடனே முழுசாகத் திறந்துவிட்டாலும் வெடிக்கும், அதற்காகத்தான் நடுவில் அந்த 5 நிமிஷம். அது முடிந்ததும் மிச்ச ஆவியை வெளியே விட்டு முட்டையை எடுத்துவிட வேண்டும், சமைத்ததைச் சூடாகவே வைத்திருக்கிற 'வார்ம்' நிலையில் ஓடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். குழம்புக்கு என்றால் நான் 4 நிமிஷம்தான் வைப்பேன், கீறிப் போட்டுக் குழம்பில் மறுபடி கொதிக்கப் போகிறதே.

உச்சிப்புளி வயர்மேன்:

அக்கா, உம்மா சொன்னதோடு இன்னொன்றையும் பாருங்கள். எத்தனை மணிக்கு அவிக்கிறீர்கள்? எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் 180 வரை இறங்கியதை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். 230-ல் 1000 வாட் கொடுக்கிற ஹீட்டர் 180-ல் 600 வாட் சொச்சம்தான் கொடுக்கும், வோல்டேஜ் குறைகிற அளவைவிடச் சூடு அதிகமாகக் குறையும். திரையில் அதே 5 தான் நிற்கும், ஆனால் ஊசி எழும்ப எட்டு நிமிஷம் ஆகிற இடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று ஆகிவிடும். அத்தனை நேரமும் முட்டை சூட்டில் இருக்கிறது. அதனால் யாரோ எங்கேயோ சொன்ன 5 நிமிஷத்தை அப்படியே எடுக்காமல், சுவிட்ச் போட்டதிலிருந்து ஊசி எழும்புகிற வரை கடிகாரம் பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் பிரஷர் நேரத்தில் ஒரு நிமிஷம் குறையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மூடிக்குள் சூடு இருக்கிறது, மறுபடி கரண்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஊசி எழும்பி எத்தனை நிமிஷம் ஆனது என்று பார்த்து அந்தக் கணக்கில் ஆவியை விட்டுவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டவே கூடாது, சாதாரணமாக வீடுகளில் இருக்கிற இன்வெர்ட்டர் இந்த லோடைத் தாங்காது.

இதைவிட எனக்குக் கவலை பிளக்தான். துபாய்ச் சாமான் என்றால் மூன்று தட்டைப் பின் இருக்கும், நீங்கள் கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருப்பீர்கள். நம் கடற்கரைக் காற்றில் பித்தளைப் பின்னில் ஒரே மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், பிடிப்பு தளர்ந்த கன்வெர்ட்டரில் 1000 வாட் ஓடினால் அந்த இடம் சூடாகி உருகும். சமைத்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுக் கன்வெர்ட்டரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாமல் சுட்டால் அன்றோடு அதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் இந்தக் குக்கர்களில் வயரைப் பின்னால் கழற்றி மாட்டலாம், நம் ஊர் மூன்று பின் வைத்த வயரே கடையில் கிடைக்கும். எர்த் இருக்கிற பாயிண்டாகப் பார்த்து மாட்டுங்கள். 4 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், ஆனால் ஈரக்கையோடு தொடுகிற சாமான், எர்த் இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

தொண்டிக் கோழிப்பண்ணை:

எனக்கு இதில் வேறு கருத்து. 24 முட்டைக்குக் குக்கர் எதற்கு? பெரிய சட்டியில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, முட்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்கி, 11 நிமிஷம், வேலை முடிந்தது. 24-உம் ஒரே தடவையில் ஆகிவிடும், கண்ணால் பார்த்துக்கொண்டே அவிக்கலாம். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை ஏற்றுகிறார்கள் பாருங்கள், ஒட்டுவது அதனால்தான். மெல்ல மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு உள் ஜவ்வோடு ஒட்டிக்கொண்டே இறுகும். சட்டென்று சூடு பட்டால் ஒட்டாமல் சுருங்கி நிற்கும், அது கொதிதண்ணீரானாலும் சரி, ஆவியானாலும் சரி. இந்த ஒரு விஷயத்தில் கீழக்கரை அக்கா சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான்.

நாட்டுக்கோழி முட்டை விஷயம் தனி. அது உரியாததற்குக் காரணம் அது புதுசு. இட்டவுடனே முட்டைக்குள் கரியமில வாயு நிறைய இருக்கும், ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் நாள் போகப் போக அது வெளியேறும், வெளியேற வெளியேற வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறி ஜவ்வைப் பிடிக்கிற பிடி தளரும். நாமக்கல் முட்டை பண்ணையிலிருந்து லாரி ஏறி உங்கள் கடை அட்டைக்கு வருவதற்குள்ளேயே சில நாள் ஆகியிருக்கும். காலையில் கூட்டிலிருந்து எடுத்த முட்டையை மதியம் அவித்தால் எந்தக் குக்கரிலும் உரியாது. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து அவியுங்கள், அவசரம் என்றால் கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றிவிடுங்கள், புது முட்டை கலையாமல் உருண்டு நிற்கும், அதற்கு ஈடான ருசி கிடையாது.

இரண்டையும் ஒன்றாகப் போடவும் வேண்டாம். பண்ணை முட்டை 50, 55 கிராம் இருக்கும், நாட்டுக்கோழி முட்டை 40 கிராம்தான் தேறும். பெரியது வேகிற நேரத்தில் சின்னது தாண்டிவிடும். பழசா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள், படுத்தால் புதுசு, நின்றால் கொஞ்சம் பழசு, அவிக்க அதுதான் சௌகரியம், மிதந்தால் தூர எறிந்துவிடுங்கள்.

மண்டபம் அடுப்படி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. தம்பி, கன்வெர்ட்டர் நிஜமாகவே சுட்டது, ஓரம் கொஞ்சம் பழுப்பேறியும் இருந்தது. இன்று ராமநாதபுரம் போய் வயர் வாங்கிவிட்டோம். நான் அவிப்பது காலை 11 மணிக்கு, வோல்டேஜ் அப்போது பரவாயில்லை என்று நினைக்கிறேன். அண்ணே, சட்டியில் அவிக்கலாம்தான், ஆனால் அந்த நேரத்தில் என் இரண்டு அடுப்பிலும் குழம்பும் சோறும் இருக்கும், மூன்றாவது அடுப்பு இல்லாததால்தான் குக்கரையே எடுத்தேன். ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. குளிர வைக்க ஐஸ்தான் வேண்டுமா? கரையில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் சல்லிசாகக் கிடைக்கிறது, அதைப் போடலாமா?

கீழக்கரை உம்மா:

அதை மட்டும் செய்யாதீர்கள் தங்கச்சி. மீனுக்குப் போடுகிற ஐஸ் வேறு, நாம் சாப்பிடுகிற ஐஸ் வேறு. சூடான முட்டை குளிரும்போது உள்ளே சுருங்கும், சுருங்கும்போது ஓட்டின் துளை வழியாகவும் வெடிப்பு வழியாகவும் வெளித்தண்ணீரை உள்ளே இழுக்கும். எந்தத் தண்ணீரில் போடுகிறீர்களோ அது முட்டைக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிற குடிதண்ணீர்தான் அதற்கும். மே மாதத்தில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடுகிறது, அதில் போட்டால் முட்டை எப்படி ஆறும், உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும். மண்பானைத் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் ஐஸ் இரண்டு தட்டு உடைத்துப் போடுங்கள், போதும்.

அடியில் ஊற்றுகிற அந்த ஒரு டம்ளரும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீர் ஊற்றினால் நம் பக்கத்து உப்புக்குப் பத்து நாளில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மண்டபம் அடுப்படி:

இன்று செய்து பார்த்துவிட்டேன். கம்பித் தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், 12 முட்டை. கடிகாரம் பார்த்தேன், ஊசி எழும்ப எட்டரை நிமிஷம். பிரஷர் 4, சும்மா விட்டது 5, அப்புறம் பானைத் தண்ணீரும் ஐஸும். முதல் முட்டையைக் குண்டுப் பக்கமாகத் தட்டினேன், அங்கேதான் காற்றுப் பை இருக்கிறது, விரலை உள்ளே விட இடம் கிடைத்தது, ஜவ்வோடு சேர்ந்து ஓடு நீளமாகச் சுருண்டுகொண்டு வந்தது. வெள்ளைக்கரு பளிங்கு மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. மாமியார் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மறு ஈட்டில் இன்னொரு 12. மொத்தம் 24-ல் ஒன்றுதான் வெடித்தது, ஒன்று மட்டும் கொஞ்சம் பிய்ந்தது. வெட்டிப் பார்த்தேன், நடுவில் நல்ல மஞ்சள், ஓரத்தில் வளையமே இல்லை. நாட்டுக்கோழி முட்டை ஆறும் தேதி எழுதி ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. போன வாரம் அதே குக்கரில் மீன் குழம்பு வைத்தேன், இன்று முட்டையில் லேசாக அந்த வாடை இருந்தது. பாத்திரத்தை நன்றாகத்தான் தேய்த்தேன்.

தொண்டிக் கோழிப்பண்ணை:

பாத்திரத்தில் இல்லை, மூடியில் இருக்கிற ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அது சிலிக்கான், வாடையைக் குடித்துவிடும், சோப்புக்கு முழுசாகப் போகாது. தனி வளையம் விற்கிறார்கள், மீனுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த பிறகு மூடியைக் கவிழ்த்துத் திறந்தபடி வையுங்கள். அவித்ததில் மிஞ்சினால் ஓட்டோடு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். அவிக்கும்போது ஓட்டின் மேல் இருக்கிற இயற்கையான பூச்சு போய்விடும், இந்த வெயிலில் வெளியே வைத்த அவித்த முட்டை பச்சை முட்டையைவிடச் சீக்கிரம் கெடும். உள்ளே வைத்தால் ஒரு வாரம் தாங்கும், உரித்துவிட்டால் அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.