குப்பை வாயு அடுப்புக்கா, பற்றீரியாவுக்கா?

வெள்ளவத்தை வாசி:
கொழும்புக் குப்பையில் பெரும்பங்கு ஈரக் கழிவு. அதை எரித்து மின்சாரம் எடுக்கத்தான் 2021இல் கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாட் நிலையம் வந்தது. நீரை ஆவியாக்கவே வெப்பம் வீணாகிறது. காற்றுப் படாமல் நொதிக்க விட்டால் பயோகாஸ் என்னும் உயிர்வாயு கிடைக்கும், அதில் பாதிக்கு மேல் எரியக்கூடிய மெதேன். அதையும் அடுப்பில் எரிக்காதீர்கள் என்கிறேன். மெதேன் தின்னும் பற்றீரியா இருக்கிறது. மீன் தீவனப் புரதம், மக்கும் பிளாஸ்டிக், லக்டிக் அமிலம் வரை எடுக்கலாம்.

மட்டக்குளி மாமா:
தம்பி, 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றீர்களா? நான் விடிய மூன்று மணிக்கு நின்றேன். அடுப்புக்கு வாயு இல்லாத ஊரில் பற்றீரியாவுக்கு விருந்தா?

வெள்ளவத்தை வாசி:
கணக்குப் போடுவோம் மாமா. 12.5 கிலோ சிலிண்டரின் வெப்பத்துக்கு ஈடாக ஏறத்தாழ 11 கிலோ மெதேன் வேண்டும். அதே மெதேனைப் பற்றீரியாவுக்குக் கொடுத்தால் சுமார் 8 கிலோ உலர்ந்த புரதத் தூள் தேறும். சிலிண்டர் விலையையும், தீவனத்தில் அந்தத் தூள் ஈடுசெய்யும் எட்டுக் கிலோ மீன்மா விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆய்வுகூட அக்கா:
நொதித்தல் தொட்டிகளோடு வேலை செய்தவள் என்பதால் குறுக்கிடுகிறேன். தம்பி வரவை மட்டும் எழுதியிருக்கிறார், செலவு எங்கே? மெதேன் தண்ணீரில் கரைவதே அரிது, லீற்றருக்கு இருபது மில்லிகிராம் அளவுதான். கரைந்தால்தான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. ஒட்சிசனும் கரைய வேண்டும். ஆகவே விடாமல் கலக்க வேண்டும், அழுத்த வேண்டும். மின்கட்டணம் அங்கேதான் ஏறும். மெதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நோர்வேயில் இயற்கை எரிவாயுவில் இதே புரதத்தைச் செய்த தொழிற்சாலையே 2006இல் மூடப்பட்டது. அவர்களுக்கு வாயு குழாயில் சுத்தமாக வந்தது. நமக்கு முதலில் உயிர்வாயுவில் கலந்துவரும் ஐதரசன் சல்பைட்டை நீக்க வேண்டும்.

மட்டக்குளி மாமா:
2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டு. அன்றைக்கு உங்கள் பற்றீரியா மூச்சுத் திணறிச் செத்திருக்கும்.

வெள்ளவத்தை வாசி:
ஜெனரேற்றர் வைக்கலாம். அக்கா சொன்னது உண்மைதான், ஆனால் ஒரு விடயம் நமக்குச் சாதகம். இந்த வேலைக்குப் பேர்போன மெதிலோகொக்கஸ் கப்சுலேட்டஸ் பற்றீரியாவின் ரகம் இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் கண்டெடுக்கப்பட்டது. அதற்கு 45 பாகை சூடு பிடிக்கும். கொழும்பு வெயிலுக்கு அது அஞ்சாது.

ஆய்வுகூட அக்கா:
வெயில் பிரச்சினையே இல்லை. மெதேனை உண்ணும்போது அதுவே சூட்டைக் கக்கும், குளிர்விக்கத்தான் பாடுபட வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரி:
பிளாஸ்டிக் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சோறு பொதியும் லஞ்ச் ஷீட் செய்யலாமா? 2017இல் பொலித்தீன் ஷீட்டுக்குத் தடை வந்தது, ஆனால் எங்கள் தொடர்மாடியின் உயிர்வாயுத் தொட்டி அடைத்துக்கொண்டதே சோற்றுப் பார்சல் ஷீட்டால்தான். பிரித்துப் போடுங்கள் என்று ஒட்டிய அறிவித்தலையும் யாரோ தொட்டிக்குள்ளேயே போட்டிருந்தார்கள்.

ஆய்வுகூட அக்கா:
நைதரசனைக் குறைத்துப் பட்டினி போட்டால் சில மெதேன் பற்றீரியாக்கள் பி.எச்.பி. என்ற பிளாஸ்டிக்கை உடம்பில் கொழுப்புப் போலச் சேர்க்கும். ஆனால் அது தனியே நொறுங்கும் ரகம். பருப்புக் கறி ஊற்றி மடித்தால் விரிசல் விட்டுவிடும். வேறு பொருள் கலந்துதான் வளைய வைக்கலாம்.

வெள்ளவத்தை வாசி:
சரி, நகரம் முழுவதும் என்று நான் ஆரம்பித்தது தவறு. பேலியகொட மெனிங் சந்தையின் மரக்கறிக் கழிவிலிருந்து தொடங்குவோம். அங்கே சோற்றுப் பார்சல் கலப்பு குறைவு. மீதொட்டமுல்லயில் 2017 புத்தாண்டு அன்று குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மாதிரி மலைக்குப் போகும் ஈரக் குப்பையில் ஒரு பங்காவது குறையட்டுமே.

மட்டக்குளி மாமா:
சந்தைக் கழிவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாயு முதலில் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்கு. மிஞ்சினால் பற்றீரியாவுக்கு.

வெள்ளவத்தை வாசி:
மிச்சச் சோறு போட்டு வளர்க்க அது தெரு நாய் இல்லை மாமா. இரவு பகல் ஒரே அளவில் வாயு வேண்டும்.

மட்டக்குளி மாமா:
அப்போ மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கொத்து ரொட்டிக் கடைக்காரனுக்கு நீங்களே போய் விளங்கப்படுத்துங்கள்.