‘காட்பாடி வீடு’ குரூப்: பூட்டிய கேபினும் மணி மாமாவும்

ஞாயிறு, காலை

செந்தில்: [3 படங்கள்]

செந்தில்: வெயில் ஏறுவதற்குள் போய் எடுத்தது. காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷன். ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிற சிக்னல் கேபின், லீவர் இழுத்து சிக்னலை இயக்கின இடம். சீக்கிரம் இடிக்கப் போகிறார்கள் என்று அங்கே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

கதிர் சித்தப்பா: எந்த ஸ்டேஷன்?

செந்தில்: சொல்ல மாட்டேன் சித்தப்பா. நீங்கள் வாக்கிங் குரூப்பில் போடுவீர்கள். அடுத்த வாரம் பத்து பேர் ரீல்ஸ் எடுக்க வந்து நிற்பார்கள்.

அம்மா: தண்டவாளத்தில் இறங்கினாயா இல்லையா? அதை முதலில் சொல்.

செந்தில்: இல்லைம்மா. பிளாட்பாரம் முனையில் நின்று ஜூம் போட்டது. கேபின் கிட்டே போக ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டேன், பாயிண்ட்ஸ்மேன் ஒருவரைக் கூட அனுப்பினார்.

மணி மாமா: நல்லது மாப்ளே. கேட்காமல் இறங்கினால் ரயில்வே சட்டம் 147. ஆறு மாதம் வரை உள்ளே, இல்லை ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். கேஸ் கிடக்கட்டும், மின்சார எஞ்சின் கிட்டே வருகிற வரைக்கும் சத்தமே கேட்காது.

மணி மாமா: படம் பார்த்தேன். முதல் படம் அழகு, காலண்டரில் போடலாம். ஆனால் அதில் ஓட்டுக்கூரையும் பின்னால் மலையும்தான் இருக்கிறது. உள்ளே என்ன வேலை நடந்தது என்று அதைப் பார்த்து ஒருத்தருக்கும் தெரியாது.

பவித்ரா: மாமா ஆரம்பித்துவிட்டார் 😄

சரோஜா அத்தை: எத்தனை வருஷம் கேபினில் சம்பளம் வாங்கிப் பேச வேண்டியது, இப்போது இலவசமாகப் பேசுகிறார். கேட்டுக்கோ.

செந்தில்: திட்டு வாங்கத்தான் போட்டேன் மாமா. எதை எடுத்திருக்கணும்?

மணி மாமா: மூன்றாவது படத்தில் ஜன்னல் வழியாக லீவர் வரிசை கொஞ்சம் தெரிகிறது பார். அதுதான் கேபின். மற்றதெல்லாம் சுவர்.

செந்தில்: கண்ணாடியில் என் முகம் விழுந்து கெடுத்துவிட்டது. பாதி லீவரைக் கழற்றிக்கொண்டும் போய்விட்டார்கள்.

பவித்ரா: போனைக் கண்ணாடியோடு ஒட்டி வை அண்ணா, சுற்றிக் கறுப்புத் துணி போட்டு மூடு. முகம் விழாது. காலேஜில் மியூசியம் பெட்டியை அப்படித்தான் எடுக்கச் சொன்னார்கள்.

மணி மாமா: மிச்சம் இருக்கிற லீவரை நம்பரோடு எடு. நிறமும் தெரியணும். சிவப்பு சிக்னலுக்கு, கறுப்பு பாயிண்டுக்கு, அதாவது தண்டவாளம் பிரிகிற இடத்துக்கு. நீலம் பாயிண்டைப் பூட்டுகிற லாக்குக்கு. வெள்ளை அடித்தது வேலை இல்லாதது, ஸ்பேர். சுவரில் யார்டு படம், அதாவது ஸ்டேஷன் தண்டவாள வரைபடம், மாட்டியிருந்தால் அதை நேராக நின்று எடு, சாய்த்து எடுக்காதே. எந்த நம்பர் எந்த பாயிண்ட் என்று அதில்தான் இருக்கும். லீவரும் அந்தப் படமும் சேர்ந்தால்தான் விஷயம் புரியும். ஒன்று மட்டும் இருந்தால் இரும்புக் கடைப் படம்.

பவித்ரா: லீவர் இழுத்தால் சிக்னல் கை இறங்கி வண்டிக்கு வழி கிடைக்கும், அவ்வளவுதானே மாமா? இதில் புரிய என்ன இருக்கிறது?

மணி மாமா: இழுத்தால் இறங்கிவிடாது கண்ணு. அங்கேதான் சூட்சுமம். மெயின் லைனில் இருந்து பிரிந்து திரும்பச் சேருகிற லூப் லைனில் ஒரு வண்டியை வாங்கணும் என்று வை. முதலில் கறுப்பு லீவர், பாயிண்டை லூப்புக்குத் திருப்பணும். அடுத்தது நீலம், அதைப் பூட்டணும். அதன் பிறகுதான் சிவப்பு அசையும். வரிசை மாறினால் எவ்வளவு பலசாலியும் தொங்கிப் பார்க்கலாம், லீவர் வராது. தரைக்குக் கீழே இரும்புப் பட்டைகளில் பல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். சிக்னல் இறங்கி இருக்கும் வரை பாயிண்டைத் திரும்பத் திருப்பவும் விடாது. நான் தூங்கி வழிந்தாலும் அந்த இரும்பு தூங்காது.

மணி மாமா: அதுவும் போக, ஸ்டேஷன் மாஸ்டர் அவர் ரூமில் இருக்கிற ஸ்லைடைத் தள்ளி அனுமதி கொடுத்தால்தான் கேபினில் ஹோம் சிக்னல், அதாவது வண்டியை ஸ்டேஷனுக்குள் விடுகிற சிக்னல், வரும். நான் நினைத்தாலும் தனியாக வண்டியை உள்ளே விட முடியாது.

செந்தில்: அந்தப் பட்டையை எப்படி எடுப்பது மாமா?

மணி மாமா: கீழ்த்தளத்துக் கதவு திறந்தால்தான். கேட்டுப் பார். இல்லை என்றால் கேபினில் இருந்து வெளியே வருகிற ராடையும் கம்பியையும் எடு. ராடு பாயிண்டுக்குப் போகும், கம்பி சிக்னலுக்குப் போகும். கப்பி கப்பியாக எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று தெரிகிற மாதிரி வளைவில் நின்று எடுத்தால் நன்றாக இருக்கும்.

அம்மா: வளைவில் நின்றா? அண்ணா!

மணி மாமா: பிளாட்பாரத்து வளைவும்மா, பிளாட்பாரத்து வளைவு.

ரேவதி அக்கா: குட் மார்னிங் எல்லாருக்கும். இப்போதுதான் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். செந்தில், இதைப் பார்.

ரேவதி அக்கா: [படம்]

செந்தில்: அக்கா! இது என்ன, மூன்று மாடி வீடு மாதிரி!

ரேவதி அக்கா: இங்கிலாந்தில் எங்கள் ஊர் ஷ்ரூஸ்பரி ஸ்டேஷன். செவர்ன் பிரிட்ஜ் ஜங்ஷன் கேபின். 1903இல் கட்டியது, 180 லீவர். இன்னும் வேலையில் இருக்கிறது. மெல்போர்னில் இதைவிடப் பெரியது ஒன்று இருந்ததாம், அதை 2008இல் மூடிவிட்டதால் இப்போது உலகத்திலேயே இதுதான் பெரியது. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிறவளின் கணவர் வாரா வாரம் இதைப் படம் பிடிக்கப் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். இங்கே அப்படி ஒரு கூட்டமே இருக்கிறது, தெர்மாஸும் மடக்கு நாற்காலியுமாக.

மணி மாமா: 180 லீவரா! ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர்?

ரேவதி அக்கா: கேட்டுச் சொல்கிறேன் மாமா.

ரேவதி அக்கா: இங்கேயும் எல்லாம் போகிறது. ஒரு காலத்தில் நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் கேபின், இப்போது சில நூறுதான். எல்லாவற்றையும் ஒரு டஜன் பெரிய கன்ட்ரோல் சென்டருக்குள் கொண்டுவருவதுதான் திட்டம். அதனால் 2013இல் நல்ல கேபின்களாகப் பார்த்து 26ஐப் பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்று அறிவித்தார்கள். நினைத்தபடி இடிக்க முடியாது.

கதிர் சித்தப்பா: அவர்களுக்கு வேலை இல்லை. நமக்கு வேலூர்க் கோட்டைச் சுவரில் முளைக்கிற ஆலமரத்தைப் பிடுங்கவே ஆள் இல்லை, இதில் கேபினைப் பாதுகாக்கணுமா?

செந்தில்: ஆனால் சித்தப்பா, தென்னிந்தியாவின் முதல் ரயிலே நம் பக்கம்தான் வந்தது. 1856 ஜூலை 1, ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை. நமக்கு இல்லாத பழமையா?

ரேவதி அக்கா: அதே 1856இல்தான் இங்கே ஜான் சாக்ஸ்பி என்கிறவர் பாயிண்டையும் சிக்னலையும் சேர்த்து இயக்குகிற முறைக்குப் பேடன்ட் வாங்கினார். மாமா சொன்ன பூட்டு விஷயத்துக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

மணி மாமா: சாக்ஸ்பி பெயர் தெரியும். சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் என்று லீவர் ஃப்ரேமிலேயே வார்த்திருக்கும். நமக்கு அப்புறம் போத்தனூர் ஒர்க்‌ஷாப்பிலேயே சிக்னல் சாமான் செய்தார்கள். செந்தில், ஃப்ரேமில் வார்ப்பு எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடு, நேர் வெளிச்சத்தில் எழுத்து எழும்பாது.

பவித்ரா: இரண்டாவது படத்தில் சுவரில் சாய்த்து வைத்திருப்பது கைகாட்டி மரத்துக் கைதானே? சிவப்புக் கண்ணாடி சரி, பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நீலமாக இருக்கிறதே. ஃபில்டர் போட்டாயா அண்ணா?

செந்தில்: ஃபில்டரே போடவில்லை. நானும் கவனித்தேன்.

மணி மாமா: அது நீலம்தான். பின்னால் எரிவது மண்ணெண்ணெய் விளக்கு, அதன் வெளிச்சம் மஞ்சள். மஞ்சள் வெளிச்சம் நீலம் கலந்த கண்ணாடி வழியாக வந்தால் டிரைவர் கண்ணுக்குப் பச்சை. சுத்தப் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தால் மங்கலான மஞ்சள்பச்சை மாதிரி ஆகிவிடும். அந்தக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கப் பிடித்து ஒன்று, பின்னால் அகல்விளக்கு வைத்து ஒன்று எடுத்துப் பார். இரண்டையும் பக்கத்தில் போட்டால் பேச்சே தேவையில்லை.

பவித்ரா: மாமா, இது சூப்பர்.

சரோஜா அத்தை: சூப்பர்தான். அந்த விளக்கை ஏற்ற மழையில் கம்பத்தில் ஏறினவர்களைக் கேள். இவர் கண்ணமங்கலம் ஸ்டேஷனில் இருந்தபோது ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, கை வீங்கி, சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்பார். இப்போது எல்லாம் அழகாகத் தெரிகிறது.

மணி மாமா: அவள் சொல்வது சரி. எனக்கு அந்தக் கேபினை இடிப்பதில் வருத்தம் இல்லை. வெயில் காலத்தில் நம் ஊரில் அதில் வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். சிக்னல் கம்பி அரை கிலோமீட்டர் போகிறது என்றால், காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி ஏறினால் அந்தக் கம்பி 12 சென்டிமீட்டர் நீண்டுவிடும். லீவரை முழுக்க இழுத்தாலும் அங்கே கை பாதிதான் இறங்கும். டிரைவர் அதை சந்தேகத்தில் பார்த்து வண்டியை நிறுத்துவார். ஒவ்வொரு மதியமும் கம்பியை இறுக்கணும், சாயங்காலம் தளர்த்தணும். அக்னி நட்சத்திரத்தில் அதுவே ஒரு டியூட்டி.

செந்தில்: ராடு நீளாதா மாமா?

மணி மாமா: நீளும். அதற்கு நடுவில் காம்பென்சேட்டர் என்று ஒன்று. ஒரு பக்கம் தள்ளுவதை மறுபக்கம் இழுப்பாக மாற்றிவிடும், இரண்டும் கழிந்துவிடும். அதையும் எடு. ரொம்ப புத்திசாலித்தனமான சாமான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கதிர் சித்தப்பா: மச்சான், ஒன்று கேட்கிறேன். இரும்பு தூங்காது என்றீர்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகுதானே 2023இல் பாலசோர் பக்கம் அத்தனை பேர் செத்தார்கள்? சென்னைக்கு வருகிற கோரமண்டல். பழைய லீவராக இருந்திருந்தால் நடந்திருக்குமா?

மணி மாமா: ஜூன் 2, பாஹாநாகா பஜார். 290 பேருக்கு மேல். சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது, பாயிண்ட் லூப்புக்குத் திரும்பி இருந்தது, லூப்பில் சரக்கு வண்டி. லெவல் கிராசிங் வேலைக்காக சர்க்யூட்டை மாற்றியபோது ஒயர் தவறாக இணைக்கப்பட்டது என்றுதான் விசாரணையில் வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை, அதற்குப் போன ஒயர் பொய் சொன்னது. லீவரிலும் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு டெஸ்ட் பண்ணாமல் மாட்டினால் அதே கதைதான். அதனால்தான் சிக்னல் ஆள் ஒரு சாமானைத் தொடுவதற்கு முன்னால் டிஸ்கனெக்‌ஷன் மெமோ எழுதி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கணும். பழசோ புதுசோ, அந்தக் காகிதம் மாறவில்லை.

மணி மாமா: புதுசில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. எங்கள் காலத்தில் வண்டி முழுசாக வந்துவிட்டதா என்று கண்ணால்தான் பார்க்கணும். பகலில் கடைசிப் பெட்டியில் ‘லாஸ்ட் வெஹிக்கிள்’ என்கிற எல்.வி. போர்டு, ராத்திரியில் சிவப்பு விளக்கு. மழையில் நடுவில் இரண்டு பெட்டி கழன்று லைனிலேயே நின்றுவிட்டால்? இப்போது ஆக்சில் கவுன்டர் உள்ளே போன சக்கரத்தையும் வெளியே வந்த சக்கரத்தையும் எண்ணுகிறது. ஒன்று குறைந்தாலும் அந்த லைன் சிவப்பாகவே நிற்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பவித்ரா: இப்போது அந்த ரூமில் என்ன இருக்கும்?

மணி மாமா: பேனல் என்றால் மேஜை மேல் யார்டு படம். வண்டி எங்கே இருந்து எங்கே போகணுமோ அந்த இரண்டு பட்டனையும் அமுக்கினால் வழி முழுக்க வெள்ளை விளக்கு வரும், வண்டி ஏறினதும் சிவப்பாகும். பல இடத்தில் அந்தப் பட்டனும் போய் மவுஸ் வந்துவிட்டது. கொடுத்த ரூட்டை அவசரமாக வாபஸ் வாங்கணும் என்றால் 120 விநாடி காத்திருக்கணும், அதற்கு ஒரு கவுன்டர் நம்பர் ஏறும், ஏன் என்று எழுதணும். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கத்தில் 1980களிலேயே எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங், அதாவது அந்த இரும்புப் பூட்டு வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிற முறை, போட்டுப் பார்த்துவிட்டார்கள், தெரியுமா?

அம்மா: அண்ணா, மீட்டர் கேஜில் ஒரு இரும்புப் பந்து இருக்குமே. நாங்கள் கண்ணமங்கலம் வந்தபோது காட்டினீர்களே.

மணி மாமா: நீல்ஸ் பால் டோக்கன். காட்டினேன், தொட விடவில்லை. இரண்டு ஸ்டேஷன் மிஷினுக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும், அதுவும் அந்தப் பக்கத்து மாஸ்டர் ஒப்புக்கொண்டால்தான். பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பையில் போட்டு வளையத்தில் மாட்டி நீட்டுவோம், ஓடுகிற வண்டியில் இருந்து கையைக் கோத்து வாங்கிக்கொள்வார்கள். விழுப்புரம் லைன் அகலப்பாதை ஆனபோது எல்லாம் போய்விட்டது. அதை ஒருத்தரும் முழுசாகப் படம் எடுத்து வைக்கவில்லை, எனக்குத் தெரிந்து. பெரம்பூர் பக்கத்து ரயில் மியூசியத்தில் சாமான் பார்க்கலாம், ஆனால் அந்த ஸ்டேஷனில் எந்தச் சுவர் ஓரம் எப்படி வைத்து வேலை பார்த்தோம் என்பது அங்கே இருக்காது. இடிக்கட்டும். அதற்கு முன்னால் ஒழுங்காக எடுத்து வை என்கிறேன்.

செந்தில்: சரி மாமா. புது சிக்னலையும் எடுக்கலாமா? இன்று எடுத்த வீடியோவில் எல்.ஈ.டி. விளக்கு மினுக் மினுக் என்று அணைந்து எரிகிறது. கண்ணுக்கு நிலையாகத்தான் இருந்தது.

பவித்ரா: ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பார் அண்ணா. விநாடியில் 50இல் ஒரு பங்கு வை.

ரேவதி அக்கா: மாமா, பதில் வந்துவிட்டது. 180இல் பாதிக்கு மேல் இப்போது வேலையே இல்லையாம், அதனால் ஒருத்தரே சமாளிக்கிறார். லீவரைப் பிடிக்கக் கையில் துணி வைத்திருப்பார், வியர்வை பட்டால் பிடி துருப்பிடிக்கும் என்று.

மணி மாமா: நாங்களும்தான். என் பழைய லுங்கி எல்லாம் அதற்குத்தான் போனது.

சரோஜா அத்தை: புது லுங்கியும்.

செந்தில்: மாமா, நீங்களே ஒரு நாள் கூட வாருங்கள். உள்ளே விட எழுத்துமூலம் அனுமதி வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். யாருக்கு மனு எழுதுவது?

மணி மாமா: அந்த ஸ்டேஷன் ரயில்வேயின் சென்னை டிவிஷன், அங்கே எழுது. வேலூர் கன்டோன்மென்ட், கணியம்பாடி பக்கம் எடுக்க ஆசை வந்தால் அது திருச்சி டிவிஷன், இதே மனுவை அங்கே கொண்டுபோய் அலையாதே. விளம்பரத்துக்கு இல்லை, விற்பனைக்கு இல்லை, ரயில் ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் எடுப்பேன் என்று தெளிவாகப் போடு. நீ எழுதி அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன்.

கதிர் சித்தப்பா: கார் நான் எடுக்கிறேன். சனிக்கிழமையா?

மணி மாமா: சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரி. அனுமதி வரட்டும், அப்புறம் ஒரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். அளக்க டேப் ஒன்று எடுத்து வை மாப்ளே, உலோகத்தில் வேண்டாம், துணி டேப். தண்டவாளத்துக்குக் குறுக்கே இரும்பு டேப் பட்டால், அதில் ஓடுகிற கரண்ட் குறுக்கே பாய்ந்து, வண்டி நிற்கிறது என்று சிக்னல் சிவப்பாகிவிடும், அப்புறம் நாமே வண்டியை நிறுத்தின ஆளாகிவிடுவோம்.