ஏற்றிய படங்கள் தளத்தில் தெரியவில்லை, அவசரம்

மலர்_திருச்சி:
அக்கா கடைக்கு வலைத்தளம் செய்கிறேன். வீட்டுக் கணினியிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். எழுத்து வருகிறது, படம் மட்டும் வரவில்லை. என் கணினியில் திறந்தால் சரியாகத்தான் இருக்கு. நாளை காலை அக்கா பார்க்கணும். ப்ளீஸ்!

பாண்டி:
எதில் ஏற்றினீர்கள்? சர்வர் லினக்ஸா, விண்டோஸா? படத்தின் முகவரியைத் தனியாக உலாவியில் அடித்தால் என்ன வருகிறது?

கோபி87:
ஆஸ்கி மோடில், அதாவது எழுத்துக் கோப்பு மாதிரி, போயிருக்கும். வரிமுடிவுகளை மாற்றுகிறேன் என்று படத்தைக் கெடுத்துவிடும். எதையும் மாற்றாமல் அப்படியே அனுப்பும் பைனரி மோடில் மறுபடி ஏற்றுங்க. எப்பவும் இதுதான்.

சர்வர்சாமி:
"வரவில்லை" என்று மட்டும் எழுதினால் ஜோசியமா பார்ப்பது? இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள் தம்பி.

மலர்_திருச்சி:
தம்பி இல்லை சார். ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளில்தான் ஏற்றினேன். முகவரியை அடித்தால் 404 வருது.

பாண்டி:
அப்போ கோபி சொல்வது இல்லை. கெட்டுப்போன படமென்றால் 404 வராது. அனுமதிச் சிக்கல் என்றால் பெரும்பாலும் 403 வரும். 404 என்றால் அந்தப் பெயரில் அங்கே கோப்பே இல்லை என்று அர்த்தம். பக்கத்தில் படத்தின் பெயரை எப்படி எழுதியிருக்கீங்க? கேமராவில் எடுத்ததா?

மலர்_திருச்சி:
கேமராதான். பெயர் ரெண்டும் ஒன்றுதான், எல்லாம் சின்ன எழுத்து.

கோபி87:
ஒருமுறை பைனரியில் போட்டுத்தான் பாருங்களேன்.

பாண்டி:
விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் கடைசியில் வரும் 'ஜேபிஜி'யை மறைத்துவிடும். பல கேமராக்கள் அதைப் பெரிய எழுத்தில் வைக்கும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. வீட்டில் தெரிந்து அங்கே தெரியாதது அதனால்தான். ஃபைல்ஸில்லாவின் வலது பக்கப் பட்டியலைப் பாருங்க, உண்மையான பெயர் தெரியும்.

சர்வர்சாமி:
அதிருக்கட்டும், கோப்பு அனுப்ப இன்னும் 21ஆம் போர்ட்டில் வெறும் எஃப்டிபி முறையா? கடவுச்சொல் அப்படியே திறந்து போகும். பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறுங்கள், அதன் போர்ட் 22. குரோம் உலாவியே 2021இல் எஃப்டிபியைத் தூக்கிவிட்டது.

கோபி87:
நாலு சேலைப் படத்துக்கு இவ்வளவா? 1971இல் எஃப்டிபியின் முதல் வரைவை எழுதிய அபய் பூஷண் நம்ம ஐஐடி கான்பூர்க்காரர், தெரியுமா?

சர்வர்சாமி:
கான்பூர்க்காரர் எழுதினால் கடவுச்சொல் தானாகப் பூட்டிக்கொள்ளுமா?

கோபி87:
டிஎல்எஸ் என்ற மறையாக்கம் போட்டால் எஃப்டிபியும் பூட்டிக்கொள்ளும் சாமி. அதையும் தேடிப் பார்க்கப் பழகுங்கள்.

மலர்_திருச்சி:
எல்லாம் பெரிய எழுத்துதான். மாற்றினேன், வந்துடுச்சு. பாண்டி அண்ணா நன்றி! ஒரே ஒரு படம் மட்டும் வரல.

பாண்டி:
அதன் பெயரில் இடைவெளி இருக்காம்மா?

சர்வர்சாமி:
போயாச்சு. இனி வரமாட்டாங்க.