தலைமடை உருகி: பழைய மொறிஸ் மைனர் குறிப்பேட்டுக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருப்போருக்காக நான் எழுதிவரும் பராமரிப்புக் குறிப்பேட்டில், மெயின் பியூஸை மாற்றுவது பற்றிய ஒரே ஒரு பத்தி மட்டும் ஒரு மாதமாக முடியாமல் கிடக்கிறது. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு முதன்மை உருகி, பிரதான உருகி, தாய் உருகி, மூல உருகி, தலைமை மின்னுருகு இழை, மின்திரி என்று ஆறு விடைகள் வந்துள்ளன. ஆறையும் வைத்துக்கொண்டு என் காரின் மூடியைத் திறந்து, ஒவ்வொன்றும் எங்கே பொருந்துகிறது, எங்கே வழுக்குகிறது என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் என் கேள்வியே பாதி தவறானது என்று தெரிந்தது. அதனால்தான் இந்த மடல் நீண்டுவிட்டது.

எளிதாகத் தீர்க்கக்கூடியவற்றை முதலில் தீர்த்துவிடுகிறேன். மின்திரி என்பது வெடியின் திரியை நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கலாம். ஆனால் திரி பற்ற வைப்பதற்கு, இது பற்றாமல் காப்பதற்கு. எதிரெதிர் வேலை செய்யும் இரண்டு பொருள்களை ஒரே பெயரால் அழைக்க நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மின்னுருகு இழை தமிழ்நாட்டுப் பாடநூல் வழி வந்த சொல். உருகி இலங்கைப் பாடநூல் வழி வந்த சொல். நான் யாழ்ப்பாணத்தவன் என்பதால் உருகியின் பக்கம் சாய்கிறேன் என்று சென்னை நண்பர் முன்கூட்டியே குறும்பாக எழுதியிருந்தார். காரணம் ஊர்ப்பற்று அன்று. மொறிஸ் மைனரில் இருக்கும் லூக்காஸ் (காரின் மின்கருவிகளைச் செய்த பிரித்தானிய நிறுவனம்) உருகி ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். இரு முனைகளிலும் உலோகத் தொப்பி, உள்ளே ஒரு மெல்லிய உலோக இழை, அதனோடு அளவு அச்சிட்ட ஒரு சிறு காகிதத் துண்டு. கடையில் நாம் கேட்டு வாங்குவது இந்த முழுப் பொருளை; இழை அதன் உள்ளுறுப்பு மட்டுமே. பொருளுக்கு உருகி என்றும் அதன் உள்ளுறுப்புக்கு இழை என்றும் வைத்துக்கொண்டால், "உருகியின் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்" என்று தடுமாறாமல் எழுத முடிகிறது. முழுப் பொருளையே இழை என்று அழைத்துவிட்டால் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

உருகிக்கு எதிராக எழுந்த இலக்கணத் தடையும் கவனிக்க வேண்டியதே. இடிதாங்கி, கடத்தி என்பவற்றைப் போல உருகு என்னும் வினையிலிருந்து வந்த பெயர்தான் உருகி. என்றாலும் அதே வடிவம் வினையெச்சமாகவும் நிற்பதால், "உருகி உருகிவிட்டது" என்று எழுதினால் ஏதோ பக்திப் பாடல் போல ஒலிக்கிறது. இதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை, வினையை மாற்றினால் போதும். கம்பி அறுந்தது, கயிறு அறுந்தது என்று நாம் சொல்வதைப் போல "உருகி அறுந்தது" என்று எழுதலாம். பேச்சில் இரு கரையிலும் "பியூஸ் போச்சு" தான். அதை யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். உருக்கி என்று ஒற்று மிகுத்து எழுதலாம் என்று வந்த யோசனையை மட்டும் ஏற்க இயலாது. உருக்கி என்றால் பிறவற்றை உருக்குவது என்று பொருளாகிவிடும். அதைத் தடுப்பதற்கே இந்தப் பொருள் இருக்கிறது.

இனி "மெயின்". இங்கேதான் காரைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார்க் கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சிறிய காரில், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மெயின் பியூஸ் என்று ஒன்று இல்லை. எஞ்சின் அறையில் ஏ1, ஏ2, ஏ3, ஏ4 என்று குறிக்கப்பட்ட முனைகளுக்கிடையே இரண்டே இரண்டு உருகிகள் இருந்தன. ஒன்று ஹோர்ன் போன்று எந்நேரமும் மின்சாரம் வேண்டியவற்றுக்கு. மற்றது சாவியைத் திருப்பிய பிறகு இயங்கும் துடைப்பான், தடுப்பு விளக்கு, எரிபொருள் மானி முதலியவற்றுக்கு. முன்விளக்குகளுக்கும் எரிபற்றல் (இக்னிஷன்) சுற்றுக்கும் எந்தக் காப்பும் கிடையாது. பற்றரியிலிருந்து சொலனொயிட் (ஸ்ராட்டர் மோட்டாரை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) வழியாகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் தடித்த மண்ணிறக் கம்பி முழுவதும் காப்பின்றியே ஓடுகிறது. லூக்காஸ் நிறமுறையில் மண்ணிறம் என்றாலே உருகி வழி வராத பற்றரி மின்சாரம் என்று பொருள். அறுபது வயது தாண்டிய கம்பியின் உறை எங்காவது உடல் தகட்டில் உரசித் தேய்ந்துவிட்டால், அந்த இடத்தில் எரிவதற்கு உருகி இல்லை, கார்தான் இருக்கிறது. ஆகவே கார் வைத்திருப்போர் பிற்காலத்தில் அந்த மண்ணிறக் கம்பியின் தொடக்கத்தில், சொலனொயிட்டுக்கு மிக அருகில், ஓர் உருகியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாம் பெயர் தேடுவது அதற்குத்தான்.

முதன்மை உருகி நல்ல தமிழ். அச்சிலும் அழகாக இருக்கிறது. ஆனால் இதே காரில் எரிபற்றல் சுருளுக்குள் முதன்மைச் சுருள், துணைச் சுருள் என்று இரண்டு இருக்கின்றன. முதன்மைச் சுற்றில் கோளாறு என்று முந்தின பக்கத்தில் படித்தவர், அடுத்த பக்கத்தில் முதன்மை உருகி என்று கண்டால், அது அந்தச் சுற்றுக்குரிய உருகி என்றே எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிரதான உருகி எங்கள் வீடுகளில் உள்ள பிரதான ஆளியோடு (மெயின் சுவிட்ச்) இணைந்து போகும் என்பது உண்மைதான். ஆயினும் முதன்மை, பிரதானம், தலைமை மூன்றும் முக்கியத்துவத்தைச் சொல்கின்றன, இடத்தைச் சொல்வதில்லை. இந்த உருகி மற்றவற்றைவிட முக்கியமானது என்று சொல்வதால் படிப்பவருக்கு என்ன பயன்? எல்லா மின்சாரமும் இதைத் தாண்டியே மற்ற உருகிகளுக்குப் போகிறது என்பதும், இதற்கு முந்திய கம்பிக்கு எந்தக் காப்பும் இல்லை என்பதும்தான் அவர் அறிய வேண்டியவை. தாய் உருகி இதற்கு ஓரளவு நெருங்குகிறது. ஆனால் தாய் இருந்தால் பிள்ளை உருகி, பேரன் உருகி என்று குடும்பம் பெருகும்.

தஞ்சாவூர் நண்பர் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. "தலைமடையில் அடைத்தால் கடைமடை வரைக்கும் காய்ந்துவிடும், அதுபோலத்தானே இது" என்று அவர் கேட்டிருந்தார். வாய்க்காலின் தலைப்பக்கம் தலைமடை, கடைசிப்பக்கம் கடைமடை. அவர் உவமையாகச் சொன்னதை நான் சொல்லாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். தலைமடை உருகி என்றால், வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இருப்பது, இதற்குக் கீழே பல கிளைகள் உண்டு, இது அறுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற மூன்றையும் அந்தச் சொல்லே கற்பித்துவிடுகிறது. காரிலேயே முன்பிருந்த இரண்டையும் கிளை உருகிகள் எனலாம். தலையுருகி என்று சுருக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். கோடை வெயிலில் காரோட்டும்போது நமக்கு ஏற்படும் நிலையைச் சொல்வது போல் இருந்ததால் விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, கிணற்றடி வாய்க்கால்தான். மடை என்றவுடன் எங்களிற் சிலருக்கு வைரவருக்குப் படைக்கும் மடையும் நினைவுக்கு வரக்கூடும். இருந்தாலும் தோட்டம் செய்கிறவர்களுக்கும் இரணைமடுக் குளத்து வாய்க்காலை அறிந்தவர்களுக்கும் இந்தச் சொல் புதிராக இராது.

ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். பற்றரியிலிருந்து ஸ்ராட்டர் மோட்டாருக்குச் செல்லும் தடித்த வடம் இந்த உருகி வழியாகப் போவதில்லை, போகவும் கூடாது. எஞ்சினைச் சுழற்றும்போது நூறு அம்பியருக்கும் மேல் பாயும். எந்தத் தலைமடை உருகியும் அதைத் தாங்காது. எனவே "காரின் எல்லா மின்சாரமும்" என்று வரையறையில் எழுதாமல் "ஸ்ராட்டர் நீங்கலாக எல்லா மின்சாரமும்" என்று எழுத வேண்டும்.

என் கேள்வியே பாதி தவறு என்று சொன்னேன் அல்லவா? சொல் இல்லாமல் உண்மையில் ஆபத்தில் இருப்பது உருகியின் பெயர் அன்று, அதன் அளவு. என் காரின் கிளை உருகிகள் இரண்டும் 35 அம்பியர். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்று அறுந்தபோது கடையில் 35 அம்பியர் கண்ணாடி உருகி கேட்டேன், கொடுத்தார்கள், போட்டேன். அடுத்த மாரியில் துடைப்பான் சிக்கிக்கொண்டபோது உருகி அசையாமல் இருக்க, பச்சைக் கம்பி ஒன்று உறை பொசுங்கி மணத்தது. எங்கள் ஊர் மெக்கானிக் ஐயா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பியூஸ் போகேல்லை, வயர்தான் பியூஸாப் போயிருக்கு" என்றார்.

காரணம் இதுதான். லூக்காஸ் தன் உருகிகளில் அச்சிட்ட 35 என்பது அந்த உருகி அறுந்துபோகும் மின்னோட்டம். அது இடைவிடாமல் தாங்கக்கூடியது ஏறக்குறைய அதில் பாதி, அதாவது 17 அம்பியர். அமெரிக்க முறைப்படி செய்யப்படும் கண்ணாடி உருகியில் அச்சிடும் எண்ணோ அது தாங்கக்கூடிய மின்னோட்டம். அந்த வகை 35 அம்பியர் உருகி, 35 அம்பியரை அறாமல் சுமந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பிரித்தானிய உருகி சுமார் 30 மில்லிமீற்றர், அமெரிக்க உருகி சுமார் 32 மில்லிமீற்றர் நீளம் என்பதைத் தவிரக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அதிகம் இல்லை. பழைய கையேட்டில் 35 என்று படித்து இன்றைய கடையில் 35 என்று கேட்பவர், தமக்குத் தெரியாமலேயே காப்பை இரு மடங்கு தளர்த்திவிடுகிறார். ஆங்கிலத்திலேயே பலரை வீழ்த்திய குழி இது. தமிழில் எழுதும் நாமும் "35 அம்பியர் உருகி" என்று எழுதிவிட்டு நகர்ந்தால், குழியையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்கள் ஆவோம்.

ஆகவே இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். ஓர் உருகி அறாமல் தொடர்ந்து சுமக்கக்கூடிய மின்னோட்டம் அதன் தாங்களவு; அது அறுந்துபோகும் மின்னோட்டம் அதன் உருகளவு. லூக்காஸ் உருகியை "உருகளவு 35, தாங்களவு 17" என்று எழுதிவிட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. தாங்கு மின்னோட்டம், உருகு மின்னோட்டம் என்று விரித்தும் எழுதலாம். ஆனால் உருகிப் பெட்டியின் மூடியில் ஒட்டும் சிறு சீட்டுக்குக் குறுகிய வடிவம்தான் வேண்டும். கம்பிக்கும் தாங்களவு உண்டு என்பது இச்சொல்லின் கூடுதல் பயன். 0.30 மில்லிமீற்றர் இழைகள் 28 கொண்ட கம்பியின் தாங்களவு 17.5 அம்பியர், 44 கொண்டதன் தாங்களவு 27.5 அம்பியர் என்று அட்டவணைகள் கூறுகின்றன. உருகியின் தாங்களவு கம்பியின் தாங்களவை மிஞ்சக் கூடாது என்ற விதியை இனி ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். உருகியைப் பிடித்து வைக்கும் உறுப்புக்கு உருகித் தாங்கி என்றொருவர் எழுதியிருந்தார்; தாங்களவோடு மோதும் என்பதால் வேண்டாம். தமிழ்நாட்டில் மின்வாரியத்தார் வந்து பிடுங்கிச் செல்லும் பீஸ் கட்டையை எல்லோரும் அறிவார்கள் என்பதால் உருகிக் கட்டை போதும். பற்றரி முனைகளை நேர்முனை, எதிர்முனை என்று மட்டும் சொல்வது இந்தக் காரில் ஆபத்து, ஏனெனில் மைனரில் உடலோடு இணைந்திருப்பது நேர்முனை. இன்றைய கார்களில் எதிர்முனை. உடல்முனை என்று எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும்.

இச்சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, முடியாமல் கிடந்த பத்தியை எழுதிப் பார்த்தேன். குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

"தலைமடை உருகி அறுந்திருந்தால் உடனே புதியதைப் போட வேண்டாம். முதலில் பற்றரியின் உடல்முனையைக் கழற்றுங்கள். உருகியைக் கட்டையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இழை நடுவில் மட்டும் தளர்ந்து அறுந்திருந்தால் மிகைச்சுமையோ முதுமையோ காரணமாகலாம், கண்ணாடி முழுவதும் கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் எங்கோ குறுஞ்சுற்று (ஷோர்ட் சர்க்கியூட்) நேர்ந்திருக்கிறது. உருகி இருந்த இடத்தில் 12 வோல்ற் விளக்கொன்றை இணைத்து, எல்லா ஆளிகளையும் அணைத்த நிலையில் உடல்முனையை மீண்டும் பூட்டுங்கள். விளக்கு முழு ஒளியுடன் எரிந்தால் குறுஞ்சுற்று இன்னும் இருக்கிறது. மண்ணிறக் கம்பியைத் தொடக்கத்திலிருந்து தடவிப் பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். விளக்கு எரியாவிட்டால் உடல்முனையைக் கழற்றி, கட்டையின் பற்றிகளை மெல்லிய உப்புத்தாளால் துலக்கி, அவை தளர்ந்திருந்தால் சற்றே நெருக்கி, கம்பியின் தாங்களவுக்கு உட்பட்ட தாங்களவுடைய உருகியைப் பொருத்துங்கள். 44 இழைக் கம்பியாயின் தாங்களவு 25 அம்பியர் போதும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளையோ செம்புக் கம்பியையோ ஒருபோதும் சுற்ற வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை யாழ்ப்பாணத்தில் எழுதுவதற்கு எனக்குச் சற்றுக் கூச்சம்தான். பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் இதே கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அன்று ஈயத்தாள் சுற்றாத உருகிக் கட்டை அரிது. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

தஞ்சாவூர் நண்பரிடம் ஒரு கேள்வி மட்டும் மீதம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் தலைமடை என்றால் வாய்க்காலின் தொடக்கப் பகுதி முழுவதையும் குறிக்கிறார்களா, அல்லது நீரை அடைக்கும் திறப்பை மட்டும் குறிக்கிறார்களா? பகுதி முழுவதும் என்றால் "தலைமடை உருகி" என்று இரு சொல்லாக எழுதலாம். திறப்பு மட்டும் என்றால் "தலைமடை" என்ற ஒரு சொல்லே போதுமாகி, உருகியை விட்டுவிடலாம். உங்கள் விடை வந்த பிறகே குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுப்பேன்.