விரிசல் இல்லாத டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

ஈசூன்காரன் (வெள்ளி, இரவு 9.14)
நேற்று நம் மன்றத்தின் இன்னோர் விவாத இழையில் பழையவண்டி அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் காருக்கு 9 வயது, ஓடியது 52,000 கிலோமீட்டர். மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாராம். டைமிங் பெல்ட்டில் (பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டையும் இணைக்கிற, பல் வைத்த ரப்பர் பெல்ட்) ஒரு விரிசல்கூட இல்லையாம். "ஒர்க்‌ஷாப்பில் கேட்ட 850 சிங்கப்பூர் வெள்ளி மிச்சம், நீங்களும் இப்படியே பாருங்கள்" என்று எல்லாருக்கும் யோசனை வேறு சொல்லியிருக்கிறார். கீழே 14 பேர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த 14 பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் கார். 8 வயது, 61,000 கிலோமீட்டர். மெக்கானிக் இதே மாதிரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "விரிசல் இல்லை, இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்" என்றார். நாலு மாதம் கழித்து மத்திய விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள் இன்ஜின் நின்றது. சத்தம் இல்லை, நடுக்கம் இல்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றது. பின்சீட்டில் என் மகள். பின்னால் லாரி. மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டது. பிரித்துப் பார்த்தால், கிராங்க் பக்கம் பெல்ட்டின் எட்டுப் பல் மொத்தமாக உரிந்துபோயிருந்தது. 16 வால்வில் 11 வளைந்திருந்தன. செலவு 4,200 வெள்ளி.

அந்த பெல்ட்டை இன்னும் ஸ்டோர் ரூமில் வைத்திருக்கிறேன். அதன் முதுகில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது.

பழையவண்டி (இரவு 9.40)
தம்பி, உங்கள் மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்காக என் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். 31 வருடமாக இந்த ஊரில் ஓட்டுகிறேன். ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்றதில்லை. போன மாதம்தான் ஒன்பதாம் வருடச் சோதனையில் வண்டி முதல் தடவையிலேயே தேறியது. விரிசல் இருந்தால் மாற்றுவேன். விரிசல் இல்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஹைஏஸ்_மாமா (இரவு 9.52)
அண்ணன் சொல்வதுதான் சரி. நான் ஓட்டுவது டீசல் ஹைஏஸ் வேன். டைமிங் பெல்ட் மாற்றும் தூரம் வந்ததும் டாஷ்போர்டில் அதற்கென்றே விளக்கு எரியும். அந்த விளக்கு வயதைப் பார்த்தா எரிகிறது? கிலோமீட்டரைப் பார்த்துத்தான் எரிகிறது. டொயோட்டாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

ஈசூன்காரன் (இரவு 10.05)
மாமா, உங்கள் வேன் காலை ஐந்து மணிக்குப் பாசிர் பாஞ்சாங்கில் காய்கறி ஏற்றும்போதே ஓட ஆரம்பித்துவிடும். வருடத்துக்கு 40,000, 50,000 ஓடுகிற வண்டிக்கு வயது ஆவதற்கு முன்பே கிலோமீட்டர் வந்துவிடுகிறது. அதற்கு அந்த விளக்கு போதும். வருடத்துக்கு 6,000 ஓடுகிற காருக்குப் போதாது. டைமிங் பெல்ட் உள்ள பல கார்களின் கையேட்டில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கும். அந்தக் கடைசி நாலு வார்த்தையைத்தான் யாரும் படிப்பதில்லை.

அண்ணே, சோதனை நிலையத்தில் பிரேக், புகை, சஸ்பென்ஷன், விளக்கு, டயர் பார்ப்பார்கள். டைமிங் மூடியை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. அங்கே தேறியதற்கும் பெல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

விரிசலுக்கு வருகிறேன். பழைய காலத்து பெல்ட் நியோப்ரீன் ரப்பர். அது காய்ந்து வெடிக்கும், கண்ணுக்குத் தெரியும். விரிசல் பார்க்கிற பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. இப்போது பெரும்பாலும் எச்.என்.பி.ஆர். என்கிற ரப்பர். வெப்பத்தையும் எண்ணெயையும் அதைவிட நன்றாகத் தாங்கும், கடைசி நாள் வரைகூட முதுகு வழவழப்பாகவே இருக்கலாம். பலம் முழுவதும் உள்ளே ஓடுகிற கண்ணாடி இழைக் கயிறுகளில்தான். அவை ஒவ்வொன்றாக அறுவது வெளியே தெரியாது. பல்லின் அடிவேர் விட்டுப்போவதும் தெரியாது. உங்கள் டார்ச் ரப்பருக்குள் ஊடுருவுமா அண்ணே?

ராணி_சிராங்கூன் (இரவு 10.11)
ஒரு சின்னக் கேள்வி. பழையவண்டி அண்ணனுடைய கார் என்ன மாடல்? அதில் இருப்பது பெல்ட்தானா, சங்கிலியா? பழைய வியோஸின் 1.5 இன்ஜினில் சங்கிலி. பழைய லான்சர் 1.6-இல் பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கிற இன்ஜினா, மோதாத இன்ஜினா? மோதாத வகை என்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். மோதுகிற வகை என்றால் ஈசூன்காரன் அண்ணன் கதை. இது தெரியாமல் என்ன பேசுகிறோம்?

பழையவண்டி (இரவு 10.20)
ஈசூன் தம்பி, விரிசல் இல்லை என்று நான் சொன்னேன். ஊடுருவிப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. போன வருடம் டயர் இழையிலும் இப்படித்தான். என் டயருக்கு ஆறு வயது என்று சொன்னதும் என்னைக் கஞ்சன் என்று எழுதினீர்கள். அந்த டயரில்தான் தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஈசூன்காரன் (இரவு 10.27)
கஞ்சன் என்று எழுதவில்லை. "850 வெள்ளியையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கிறவர்" என்று இப்போது எழுதுகிறேன், வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கழற்றியது மேல் மூடி மட்டும். அதில் கேம் பல்சக்கரத்தைச் சுற்றி ஒரு முழம் பெல்ட் தெரியும். மீதி கீழே இருக்கிறது. கிராங்கை ஸ்பானர் போட்டுச் சுற்றிச் சுற்றி முழு நீளமும் பார்த்தீர்களா? கிராங்க் ஆயில் சீல் கசிந்து பெல்ட் எண்ணெயில் ஊறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரின் பேரிங்கைக் கையால் சுழற்றினீர்களா? வாட்டர் பம்பையும் அந்த பெல்ட்டே சுற்றுகிற இன்ஜின் என்றால், பம்ப் இறுகினாலும் பெல்ட் போகும். அதனால்தான் பெல்ட் மாற்றும்போது பம்ப், டென்ஷனர், சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுகிறார்கள். அந்த 850-இல் பாதி கூலி, ஒரே கூலியில் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொன்று. கிலோமீட்டர் குறைவு என்று சொல்கிறீர்களே, தீவு விரைவுச்சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்கும்போது சக்கரம் சுற்றுகிறதா? பெல்ட் சுற்றுகிறது! மணிக்குச் சராசரி 25 கிலோமீட்டர் என்று வைத்தால் உங்கள் 52,000 என்பது 2,080 மணி நேரம். அதே நேரம் 90-இல் ஓடியிருந்தால் 187,000 கிலோமீட்டர் கணக்கு வரும்.

பழையவண்டி (இரவு 10.41)
அடித்துவிடாதீர்கள் தம்பி. நிற்கிற வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று. 90-இல் போனால் 2,500 சுற்று. பெல்ட் மணியை எண்ணுமா, சுற்றை எண்ணுமா? உங்கள் 187,000 கணக்கை நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் இல்லை என்பதற்கு இதுவரை பதில் வரவில்லை.

ராணி_சிராங்கூன் (இரவு 10.58)
சுற்றாகவே போடுகிறேன். ஊருக்குள் நின்று நின்று ஓட்டுவதில் சராசரி 1,300 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 2,080 மணி நேரத்துக்கு 16 கோடிச் சுற்று வருகிறது. அதே 52,000-ஐ நெடுஞ்சாலையில் 90-இல் ஓட்டினால் 8.7 கோடிதான். ஆக, ஊர் ஓட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெல்ட் கணக்கில் அந்தக் கார் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிவிட்டது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

கார் என்ன மாடல், அண்ணே?

ஈசூன்காரன் (இரவு 11.02)
பாதி உண்மை இல்லை, ராணி. நீங்கள் போட்ட கணக்கே என் பக்கம்தான்.

பழையவண்டி (இரவு 11.04)
"நெருங்கிவிட்டது" என்றுதான் எழுதியிருக்கிறார். தாண்டிவிட்டது என்று எழுதவில்லை.

தமிழ்_மணி (இரவு 11.15)
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெல்ட் பெல்ட் என்று இத்தனை முறை எழுதுகிறீர்களே, "பட்டை" என்று அழகான சொல் இருக்கிறதே. மாவு மில்லில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் இதையெல்லாம் படிக்கிறார்கள்.

ஹைஏஸ்_மாமா (இரவு 11.19)
சின் மிங் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பட்டை மாற்றுங்கள் என்றால் மரப்பட்டையைக் கேட்கிறானா என்று பார்ப்பான் அண்ணே. 850 ரொம்ப அதிகம் என்பதுதான் என் பேச்சு. எல்லை தாண்டி ஜேபியில் (ஜொகூர் பாரு) பாதி விலைக்கு முடித்துவிடலாம். சனிக்கிழமை காலை விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஈசூன்காரன் (இரவு 11.26)
ஜேபியில் மாற்றுங்கள், காக்கி புக்கிட்டில் மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெல்ட்டின் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள், கழற்றிய பழைய பெல்ட்டையும் கையில் வாங்குங்கள். மாற்றாமலே காசு வாங்கின இடத்தையும் பார்த்திருக்கிறேன். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதி மூடியில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஹைஏஸ்_மாமா (இரவு 11.30)
ஜேபிக்காரன் எல்லாம் ஏமாற்றுகிறவன் என்கிறீர்களா? 12 வருடமாக ஒரே ஆளிடம் விடுகிறேன். சொந்த அண்ணன் தம்பி மாதிரி.

ஈசூன்காரன் (இரவு 11.33)
ஜேபி என்று நான் எங்கே சொன்னேன்? நான் பார்த்தது இங்கே, ஊபி பக்கம்.

தமிழ்_மணி (இரவு 11.36)
மாமா, என் தாய்மொழியை மரப்பட்டை என்று சொன்னது எனக்கு வருத்தம்தான். பதிவு செய்கிறேன்.

ராணி_சிராங்கூன் (இரவு 11.41)
பழையவண்டி அண்ணே, இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கிறேன். உங்கள் சி.ஓ.இ. (காரை வைத்திருக்க வாங்குகிற பத்து வருட உரிமைச் சான்று) அடுத்த வருடம் முடிகிறது. வண்டியைப் பத்தாம் வருடம் ஒப்படைத்துவிடப் போகிறீர்களா, புதுப்பிக்கப் போகிறீர்களா? ஒப்படைக்கப் போவதென்றால் 850 செலவழிக்க யோசிப்பது எனக்குப் புரிகிறது. புதுப்பிப்பதென்றால் புரியவில்லை.

பழையவண்டி (இரவு 11.50)
ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப் போகிறேன். நல்ல வண்டி, ஏன் விட வேண்டும்?

ஈசூன்காரன் (இரவு 11.53)
ஐயோ அண்ணே! ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது, ஒப்படைத்தால் அரசாங்கத்திடம் கிடைக்கிற பார்ஃப் என்கிற கழிவுத்தொகையும் போய்விடும். அத்தனை ஆயிரம் வெள்ளியைக் கட்டிவிட்டு 15 வயது வரை அதே பெல்ட்டிலா ஓட்டுவீர்கள்? அப்புறம் இன்ஜின் போனால் அந்தப் பணமும் சேர்ந்துதானே போகும்? இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. விரிசல் தெரியாது. தெரியாது. தெரியவே தெரியாது. என் ஸ்டோர் ரூம் பெல்ட்டைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள். முதல் படம் முதுகு, பளபளப்பு. இரண்டாவது படம் உள்பக்கம், எட்டுப் பல் இல்லை. இரண்டும் ஒரே பெல்ட்.

பழையவண்டி (காலை 12.08)
படம் பார்த்தேன். உங்கள் பெல்ட்டில் பல் இல்லை. என் பெல்ட்டில் பல் இருக்கிறது. விரிசலும் இல்லை.

ஈசூன்காரன் (காலை 12.10)
உள்பக்கம் பார்த்தீர்களா?

பழையவண்டி (காலை 12.15)
கேம் சக்கரத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது. பல் இல்லாமல் எப்படிப் பதியும்? பள்ளி விடுமுறைக்கு இதே காரில் ஈப்போ போய் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவேன். வந்ததும் எழுதுகிறேன்.

ஈசூன்காரன் (காலை 12.19)
போவதற்கு முன் கீழ் மூடியையும் கழற்றுங்கள் அண்ணே. பெல்ட்டின் முழு நீளமும் கண்ணில் படும் வரை கிராங்கைக் கையால் சுற்றுங்கள், அது சுற்றுகிற பக்கமாகவே. ஒவ்வொரு பல்லையும் படம் எடுத்துப் போடுங்கள். நான் நேரில் வந்து உதவி செய்யவும் தயார். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை.

பழையவண்டி (காலை 12.24)
என் வண்டியை நீங்கள் தொட வேண்டாம்.

ராணி_சிராங்கூன் (காலை 12.31)
கார் என்ன மாடல்?

ஹைஏஸ்_மாமா (காலை 5.02)
இப்போதுதான் வேனை எடுத்தேன். ஊபியில் எந்த ஒர்க்‌ஷாப் மாற்றாமல் காசு வாங்கியது? பெயர் சொல்லாமல் எழுதினால் அங்கே இருக்கிற எல்லார் மேலும்தானே பழி விழும்? என் மச்சான் அங்கேதான் வேலை பார்க்கிறான், ஈசூன் தம்பி. இதற்குப் பதில் சொல்லுங்கள் முதலில்.